குப்பனூர் டெவில் முட்டை

எங்கள் குடும்பத்தில் கரிநாளுக்குக் கறிக்குழம்பு இருக்கிறதோ இல்லையோ, டெவில் முட்டை இருந்தாக வேண்டும். புதிதாகச் சம்பந்தம் ஆனவர்கள் முதல் தடவை தட்டைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, முட்டைக்குள்ளயே பொரியலா?" என்று கேட்பார்கள். வேகவைத்த முட்டையை இரண்டாகப் பிளந்து, மஞ்சள் கருவை எடுத்து, கடுகும் மிளகும் புளிப்பும் சேர்த்துப் பிசைந்து, திரும்ப அந்தக் குழியிலேயே வைப்பது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விருந்து மேசைக்கு வருகிற ஒரு பண்டம் சேர்வராயன் மலையடிவாரத்து மண் வீட்டுக்கு எப்படி வந்தது என்பது அவ்வளவு சின்ன விஷயமில்லை. கூட்டுறவுத் துறையில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வரவு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் எனக்கு விட முடியாது.

முதலில் அந்தப் பெயர். டெவில் என்றால் பிசாசுதான், வேறொன்றுமில்லை. காரம் தூக்கலாகச் சமைத்ததை 'டெவில்' என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் 1786 வாக்கிலேயே பதிவாகியிருக்கிறது. மிளகும் கடுகும் மிளகாய்ப் பொடியும் பூசி அனலில் வாட்டியது என்றால் டெவில். பெரும்பாலும் மிஞ்சிப்போன இறைச்சிக்கு உயிர் கொடுக்கிற வைத்தியம் அது. சார்லஸ் டிக்கன்ஸின் டேவிட் காப்பர்ஃபீல்டில் ஒரு விருந்தில் ஆட்டுத்தொடை சரியாக வேகாமல் போய்விடுகிறது. மிக்காபரின் யோசனைப்படி அதைத் துண்டு போட்டு மிளகும் கடுகும் தடவி வாட்டி, விருந்தைக் காப்பாற்றிவிடுவார்கள். அதுவும் டெவில்தான். அமெரிக்காவில் சில ஊர்களில் தேவாலய விருந்துக்குக் கொண்டுபோகும்போது பிசாசின் பெயர் வேண்டாம் என்று 'அடைத்த முட்டை' என்று மாற்றிச் சொல்வார்களாம். எங்கள் வீட்டில் அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. சின்ன வயதில் நாங்கள் 'பேய் முட்டை' என்றே கேட்டு வாங்கித் தின்றோம்.

பெயர்தான் இங்கிலாந்துடையது. அடைத்த முட்டை அதைவிட மிகப் பழசு. இன்றைய ஸ்பெயினின் தென்பகுதியை முஸ்லிம் அரசர்கள் ஆண்ட 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு சமையல் நூலில், மஞ்சள் கருவோடு கொத்தமல்லி, வெங்காயச் சாறு, மிளகு எல்லாம் பிசைந்து அடைத்து, இரண்டு பாதியையும் குச்சியால் சேர்த்துக் குத்தி, மேலே மிளகு தூவச் சொல்லியிருக்கிறது. அதற்கும் முன்னால் ரோமானியர்கள் வேகவைத்த முட்டைக்கு மிளகு போட்ட குழம்பு ஊற்றித் தின்றார்கள். அந்த மிளகு எந்தக் கடற்கரையிலிருந்து கப்பலேறியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி எங்கள் ஊர். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு சாலைகள். சுற்றுலா வருகிறவர்கள் போவது 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பெரிய சாலையில். இன்னொன்று அயோத்தியாப்பட்டணம் தாண்டி, குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறுகிறது. பெரிய சாலையில் மண் சரிந்தால்தான் பலருக்குக் குப்பனூர் என்று ஓர் ஊர் இருப்பது நினைவுக்கு வரும். தார்ச்சாலை வரும் முன்பு எல்லாம் ஒற்றையடிப் பாதைதான். தானியமும் கோழியும் முட்டையும் தலைச்சுமையாக மேலே போயின. காபியும் ஆரஞ்சும் கீழே வந்தன.

மேலே வாங்குகிற ஆள் வந்தது காபியால். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபியும் சீமைப் பழமரங்களும் வைத்துப் பார்த்தார். 'ஏற்காட்டின் தந்தை' என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். (மலையில் அதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த மலையாளிப் பழங்குடிகளைக் கேட்டால் தகப்பன் யார் என்பதில் அவர்களுக்கு வேறு கருத்து இருக்கும்.) பிறகு தோட்டங்கள், பங்களாக்கள், மாதாகோவில்கள், பள்ளிக்கூடங்கள். சமவெளி வெயில் தாங்காதவர்களும் ஓய்வு பெற்றவர்களும் வந்து தங்கினார்கள். பல்லாவரத்தில் 1863இல் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்குப் பின் குடியிருந்தது ஏற்காட்டில்தான். அவருடைய மாமனார், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல், கண் மூடியதும் அங்கேதான். ஃபூட் பொறுக்கிச் சேர்த்த கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எண் போட்டு இருக்கின்றன. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று பட்டியலும் உண்டு. அந்த பங்களாக்களில் தினமும் காலையில் முட்டை வேகவைத்துக் கொடுத்தவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் யாரும் போடவில்லை.

சமையல்காரர்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதவே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னைக் குதிரைப்படையில் இருந்த கர்னல் கென்னி ஹெர்பர்ட் என்பவர் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதிய 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' 1878இல் வெளிவந்தது. சென்னை மாகாணத்து வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு அது கிட்டத்தட்ட வேதப்புத்தகம். தகர டப்பா உணவை நம்பிக் கெட்டுப் போகாதீர்கள், கடைவீதியில் கிடைக்கும் நல்ல பொருளை வாங்குங்கள் என்று புத்தி சொன்ன மனிதர். நம் மிளகுத் தண்ணீருக்கும் புத்தகத்தில் இடம் ஒதுக்கியவர். ஆனால் புத்தகம் முழுக்கச் சமையல்காரருக்கு ஒரே ஒரு பெயர்தான்: ராமசாமி. ராமசாமிக்கு இதைக் கற்றுக்கொடுங்கள், ராமசாமி இந்த இடத்தில் அவசரப்படுவான், ராமசாமியின் மேல் கண் வையுங்கள். மாகாணத்தில் இருந்த ஆயிரக்கணக்கான சமையல்காரர்களும் அந்த ஒரு ராமசாமிக்குள் அடக்கம். கர்னல் பின்னர் லண்டனுக்குப் போய்ச் சமையல் பள்ளிக்கூடம் வைத்தார். ராமசாமி இங்கேயே இருந்தார்.

அப்படி ஒரு ராமசாமி என் தாத்தா. 1920களின் கடைசியில், பதினான்கு வயதில், ஏற்காட்டில் ஒரு தோட்டத்து பங்களாவில் மேட்டியாகச் சேர்ந்தார். மேட்டி என்றால் சமையல்காரருக்குக் கீழே கரி அள்ளி, பாத்திரம் துலக்கி, வெங்காயம் உரிக்கிற பையன். எட்டு ஒன்பது வருஷத்தில் கரண்டி அவர் கைக்கு வந்தது. துரைசாணி அவரை நாற்பது வயதிலும் 'பாய்' என்றுதான் கூப்பிட்டாள். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. துரைசாணி புத்தகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல, பட்லர் தமிழில் திருப்பிச் சொல்ல, தாத்தா ஒரு தடவை கேட்டதைக் கையில் ஏற்றிக்கொள்வார். டெவில் முட்டையும் அப்படி வந்ததுதான். மஞ்சள் கருவோடு டப்பாவில் வந்த கோல்மன்ஸ் கடுகுப் பொடி, சீமை எண்ணெயில் அடித்த சாஸ், சில சொட்டு லீ அண்ட் பெரின்ஸ்.

இந்த லீ அண்ட் பெரின்ஸ் புட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 1837 முதல் இங்கிலாந்தின் ஊஸ்டர் நகரில் விற்பனைக்கு வந்த சாஸ். அதில் சேர்கிற சரக்குகளில் ஒன்று புளி. இங்கிருந்து மூட்டையில் போனது, அங்கே நெத்திலி மாதிரி ஒரு மீனோடும் காடியோடும் ஊறி, புட்டியில் ஏறி, சூயஸ் வழியாகத் திரும்பி வந்து, ரயிலில் சேலம் சேர்ந்து, யாரோ ஒருவர் தலையில் மலையேறி எங்கள் தாத்தா கைக்கு வந்திருக்கிறது. பங்களாவில் அது தீர்ந்துபோன ஒரு நாள் தாத்தா புளியைக் கெட்டியாகக் கரைத்து, கருப்பட்டி போட்டுச் சுண்டவைத்து ஊற்றினாராம். விருந்தாளிகள் யாரும் எதுவும் சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

ஆனால் நாங்கள் தின்று வளர்ந்தது தாத்தாவின் முட்டை இல்லை. அது ஆயாவின் முட்டை.

ஆயா குப்பனூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவள் செய்தது முட்டை வியாபாரம். வாரம் முழுக்க வீடு வீடாகப் போய் நாட்டுக்கோழி முட்டை சேர்ப்பாள். கூடையில் உமி பரப்பி அடுக்கி, தலையில் வைத்துக்கொண்டு விடியும் முன் மலையேறுவாள். பங்களாக்களில் நல்ல விலை. ஆனால் உடைந்தால் அது அவள் கணக்கு. கோழி வளர்த்தவர்களுக்கு எண்ணிப் பணம் கொடுத்தாக வேண்டும், மேலே கீறல் விழுந்ததை எடுக்க மாட்டார்கள். சமையலறைப் பின்வாசலில் ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கீறல் விழுந்ததை ஒதுக்குவது மேட்டியின் வேலை. அப்படி ஒதுக்கிய மேட்டியைத்தான் ஆயா பிறகு கட்டிக்கொண்டாள். "எத்தனை முட்டைய தள்ளி வெச்சிருப்பே, மவராசா" என்று சாகும்வரை குத்திக் காட்டினாள்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கோழி வைத்திருந்த வீட்டில் முட்டை தின்பதற்கான பொருள் இல்லை. அது உப்புக்கும் விளக்கெண்ணெய்க்கும் மாற்றுகிற காசு. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், காய்ச்சல் விட்டு எழுந்த குழந்தை இருந்தால், ஒன்று எடுப்பார்கள். முழு முட்டையை மேலே அனுப்பிவிட்டு ராகிக் களியைத் தின்றவர்கள்தான் முட்டைக்காரர்கள். எங்கள் அப்பாவும் அத்தைகளும் முட்டையின் ருசியை அறிந்தது, மலையிலிருந்து ஆயாவோடு திரும்பி வந்த கீறல் முட்டைகளால்.

கீறல் முட்டையை வேகவைத்தால் வெண்கரு வெளியே பிதுங்கும். தண்ணீரில் ஒரு கை கல்லுப்பைப் போட்டால், பிதுங்குகிற கரு உடனே இறுகி வெடிப்பை அடைத்துக்கொள்ளும். இது ஆயாவுக்குத் தெரியும். ஆனாலும் கோணலும் பொத்தலுமாகத்தான் வரும். அதைப் பார்த்துத்தான் தாத்தா பங்களாச் சமையலை வீட்டில் முதன்முதலாகப் பேசியிருக்கிறார்: பிளந்து, உள்ளே அடைத்து, மேலே பூசிவிட்டால் கோணல் தெரியாது. ஆயா அதில் ஒரு மாற்றம் செய்தாள். நாலு முட்டை, ஏழு வாய். மஞ்சள் கருவோடு வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்துச் சேர்த்தாள். எட்டு பாதி ஆயிற்று. ஒவ்வொன்றும் குன்று மாதிரி நிறைந்து நின்றது. ஆளுக்கு ஒன்று போக மிஞ்சியது ஒன்று. அது யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். பெரியத்தை இன்றும் அதை மறக்கவில்லை.

சரி, செய்முறை. ஆறு முட்டைக் கணக்கு சொல்கிறேன்.

முட்டை அன்று இட்டதாக இருக்கக் கூடாது. புது முட்டையின் ஓடு கருவோடு ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது பிய்ந்து வரும். ஒரு வாரம் ஆனது நன்றாக உரியும். தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதந்தால் தூக்கி எறியுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டு, உப்பும் போட்டு, கொதி வந்ததும் பத்து நிமிஷம். ஏற்காட்டில் என்றால் பன்னிரண்டு. மலை சுமார் 1500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், கீழே கிட்டத்தட்ட 99. இந்தக் கணக்கெல்லாம் தெரியாமலே தாத்தா, "மேல வெந்தது கீழ வெந்த மாதிரி இருக்காது, ரெண்டு நிமிசம் சேத்துக்கோ" என்பார். ரொம்பவும் கொதிக்கவிட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். வெள்ளையில் உள்ள கந்தகமும் மஞ்சளில் உள்ள இரும்பும் சேர்வதால் வருவது. கெடுதல் இல்லை, பார்க்க நன்றாக இருக்காது. வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

கடுகுதான் இதன் உயிர். நம் சமையலில் கடுகை எண்ணெயில் பொரிக்கிறோம். பொரிந்தால் வாசம் வரும், காட்டம் போய்விடும். இதற்கு வேண்டியது காட்டம். ஒரு தேக்கரண்டி சிறு கடுகை அம்மியில் நுணுக்கி, குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரைத்து, பத்து நிமிஷம் அப்படியே விட வேண்டும். கடுகுக்குள் தனித்தனியாக இருக்கும் இரண்டு சரக்கு தண்ணீரில் சேர்ந்தால்தான் மூக்கில் ஏறுகிற காட்டம் பிறக்கும். வெந்நீர் ஊற்றினாலோ எலுமிச்சையை முதலிலேயே பிழிந்தாலோ அது பிறக்காது. காட்டம் ஏறிய பிறகுதான் புளிப்பு. நம் சிறு கடுகு, சீமையில் விளைகிற வெள்ளைக் கடுகைவிட உறைப்பு அதிகம் என்பதால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

உருளைக்கிழங்கு நடுத்தரமாக ஒன்று, வேகவைத்துக் கட்டியில்லாமல் மசித்தது. மஞ்சள் கரு, கடுகு விழுது, ஒரு கரண்டி வெண்ணெய், பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் மூன்று, பச்சை மிளகாய் ஒன்று, அரை தேக்கரண்டி மிளகுத் தூள், உப்பு. மிளகு மலையில் சவுக்கு மரத்தில் படர்ந்து விளைந்தது கிடைத்தால் நல்லது. (காபிக்கு நிழலாக நிற்கிற சில்வர் ஓக்கைத்தான் மலையில் சவுக்கு என்கிறார்கள், கடற்கரைச் சவுக்கு இல்லை.) அப்புறம் புளிக்கரைசலும் கருப்பட்டியும் சேர்த்துச் சுண்டியது அரை தேக்கரண்டி, கடைசியில் அரை மூடி எலுமிச்சை. பிசைந்து குன்றாக அடையுங்கள். பங்களாவில் இதோடு முடிந்தது. ஆயா வீட்டில் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் தடவி, அடைத்த பக்கத்தைக் கவிழ்த்து ஒரு நிமிஷம் முறுகவிடுவாள். துணியில் கட்டிக் காட்டுக்குக் கொண்டுபோனாலும் உதிராது. எனக்குக் கேட்டால் அந்த முறுகல்தான் மொத்தச் சமையலின் நியாயம். பங்களா ருசி அதற்கு முன்னால் நிற்காது.

இதற்கு இந்த நாட்டிலேயே உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். கொல்கத்தாவில் 'டிமேர் டெவில்' என்று ஒன்று. வெந்த முட்டையைச் சுற்றிக் கொத்துக்கறியோ உருளை மசியலோ பொதிந்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பது. இலங்கையில் 'டெவல்' என்று சொல்லிக் கோழி, இறால் என்று எதையும் மிளகாயும் வெங்காயமுமாகப் புரட்டித் தருகிறார்கள். வெள்ளைக்காரன் பெயரை விட்டுவிட்டுப் போனான். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதை அந்தந்த ஊர்ச் சமையல்காரர்கள் முடிவு செய்துகொண்டார்கள்.

உறவினர் ஒருவர், "அடிமைக் காலத்து எச்சிலைப் பெருமையாகச் சமைக்கிறீர்களே" என்று கேட்டார். இன்னொருவர் இதைக் 'கொங்கு பாரம்பரிய உணவு' என்று போட்டோ போட்டுப் பரப்புகிறார். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: தலையில் கூடையோடு மலையேறியவளைக் கணக்கில் சேர்த்துவிட்டுப் பேசுங்கள்.

முட்டை காசாக இருந்த காலம் என் கண் எதிரிலேயே போயிற்று. அப்போது சேலம் மாவட்டத்திலேயே இருந்த நாமக்கல்லில் (1997இல்தான் தனி மாவட்டம்) கோழிப்பண்ணைகள் பெருகின. 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்து, விலையைப் பண்ணைக்காரர்களே அறிவிக்கத் தொடங்கினார்கள். தணிக்கைக்காக நாமக்கல் பக்கம் போகும்போது அட்டை அட்டையாக லாரியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் 1989இல் கருணாநிதி ஆட்சி முட்டையைச் சேர்த்தது, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. படிப்படியாகக் கூட்டி 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. பின்னால் மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று வகைகூட வந்தது. அந்த முதல் வருஷங்களில் குப்பனூர்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் முட்டை உரிப்பதை ஆயா பார்த்தாள். அப்போது அவளுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. "முழுசாவா குடுக்கறாங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

இப்போது பெங்களூரில் இருக்கும் என் பேத்தி புட்டி மயோனைஸ் போட்டு டெவில் முட்டை செய்கிறாள். முட்டை அடைக்க மயோனைஸ் சேர்ப்பது 1896இல் ஃபேனி ஃபார்மரின் அமெரிக்கச் சமையல் நூலிலேயே உண்டு, புதுசு இல்லை. ஆனால் கடைகளில் பச்சை முட்டையை அடித்துச் செய்கிறார்களே, அதனால் வயிறு கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அந்த வகைக்கு ஓராண்டு தடை போட்டது. ஆயாவின் உருளைக்கிழங்குக்கு எந்த அரசும் தடை போடாது என்று பேத்திக்குச் சொன்னேன். கடுகு அரைக்க அம்மிக்கு எங்கே போவது தாத்தா என்று கேட்டாள். மிக்ஸியின் சின்ன ஜார் போதும், ஈரமில்லாமல் துடைத்து முதலில் பொடி செய்துகொள், தண்ணீர் மட்டும் குளிர்ந்ததாக இருக்கட்டும், எலுமிச்சை கடைசியில் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.